பிளாக்பர்ன் ரோவர்ஸ் 2011-12: அணியை இறக்கியது யார்?

நீலவெள்ளை எழுதியது:

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து அணி, முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து அடுத்த நிலைக்கு இறங்கிய கதையை எவர் சொன்னாலும் கோழியில்தான் தொடங்குகிறார்கள். 2012 மே 7, அணியின் சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகனுக்கு எதிரான ஆட்டம். விடாத மழை. அணியின் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை யாரோ மைதானத்துக்குள் விட்டார்கள். உரிமையாளர் கோழிப்பண்ணை நிறுவனம் என்பதால் அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 87ஆம் நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை விகனின் அன்டோலின் அல்கராஸ் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். 0-1. பதினோரு ஆண்டுகளாக முதல் நிலையில் ஆடிய அணி இறங்கிவிட்டது.

அந்த இரவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் பேச விரும்புவது 2010 டிசம்பர் 13ஆம் தேதியைப் பற்றி. அன்றுதான் சாம் அலர்டைஸ் மேலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அணி அப்போது 13ஆம் இடத்தில் இருந்தது. முந்தைய பருவத்தை 50 புள்ளிகளுடன் 10ஆம் இடத்தில் முடித்திருந்தது. புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் நிறுவனம் 2.3 கோடி பவுண்டுக்கு அணியை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரீமியர் லீக் அணி ஒன்றை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் என்று நம் பத்திரிகைகள் பெருமையோடு எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரொனால்டினோ வரப்போகிறார் என்ற பேச்சும் சில வாரங்களில் எழுந்தது. வரவில்லை.

அலர்டைஸின் இடத்துக்கு வந்தவர் அவருடைய பயிற்சிக் குழுவில் இருந்த ஸ்டீவ் கீன். அதற்கு முன் எந்த அணிக்கும் தலைமை மேலாளராக இருந்ததில்லை. அணியை வாங்கும் விவகாரத்தில் உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொன்ன முகவர் ஜெரோம் ஆண்டர்சன்தான் கீனுக்கும் முகவர் என்பது அப்போதே பத்திரிகைகளில் பரவலாக வந்த செய்தி. அந்த முகவரின் மகனும் 2011இல் அணியில் சேர்க்கப்பட்டார். 2011 பிப்ரவரியில் நீண்டகால நிர்வாகத் தலைவர் ஜான் வில்லியம்ஸ் விலகினார். அவரைத் தொடர்ந்து, ஒரு சிறிய நகரத்தின் அணியைப் பெரிய லீக்கில் நிலைநிறுத்துவது எப்படி என்று அறிந்திருந்த நிர்வாகிகளும் வெளியேறினார்கள்.

அந்தப் பருவத்தின் கடைசி நாளில் வோல்வ்ஸ் மைதானத்தில் 3-2 என்று வென்றுதான் அணி தப்பியது. அதை ஓர் எச்சரிக்கையாக உரிமையாளர்கள் எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த பருவம் வேறாக இருந்திருக்கும். எடுத்துக்கொள்ளவில்லை. பில் ஜோன்ஸ் என்ற 19 வயதுத் தடுப்பாட்டக்காரரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள், கீனைத் தொடரவிட்டார்கள்.

என் முடிவு இதுதான்: 2011-12 பருவத்தின் 38 ஆட்டங்களில் நடந்ததெல்லாம் அதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு. அணியை அறியாதவர்கள், அணியை அறிந்தவர்களை முதலில் வெளியேற்றினார்கள். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வலதுபுறம் எழுதியது:

நண்பரே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்தக் கதையில் வாக்கர் அறக்கட்டளையை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அணியின் பழைய உரிமையாளர் ஜேக் வாக்கர் 2000இல் இறந்த பிறகு அணி அறக்கட்டளையின் கையில்தான் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் பணம் போடுவது நின்றது. நல்ல வீரர்களை விற்று அந்தப் பணத்தில் அணியை நடத்தும் நிலை வெங்கீஸ் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. வாங்க வந்தவர்களுக்கு உண்மையில் கால்பந்து தெரியுமா என்று விற்றவர்கள் கேட்டார்களா? 13ஆம் இடம், 10ஆம் இடம் என்பதெல்லாம் ஒரு மெல்லிய கயிற்றின் மேல் நடந்தது. அலர்டைஸ் இருந்திருந்தாலும் அது எப்போதாவது அறுந்திருக்கும்.

கீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் சொந்த ரசிகர்களே "வெளியேறு" என்று முழங்கும் மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்துவது எந்த மனிதனுக்கும் எளிதல்ல. செப்டம்பரில் ஆர்சனல் ஆட்டத்துக்கு முன் அவருக்கு எதிராகப் பேரணியே நடந்தது. அன்று அணி 4-3 என்று வென்றது! எதிரணியினர் இரண்டு சொந்த கோல் போட்டுக்கொண்டார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் வெற்றி வெற்றிதான். அந்த வெற்றிக்குப் பிறகாவது அவருக்கு ஒரு மாதம் அமைதி கொடுத்திருக்கலாம். பிற அணிகளின் மேலாளர்கள் சிலரே அவருக்காகப் பேச வேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருவருமே நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பருவத்தின் முடிவு: 8 வெற்றி, 7 சமநிலை, 23 தோல்வி. அடித்த கோல் 48, வாங்கிய கோல் 78. மொத்தம் 31 புள்ளிகள், 19ஆம் இடம். தப்பிய கடைசி அணியான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு 37.

இப்போது கடைசி நிமிடங்களைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 27, எவர்ட்டன், சொந்த மைதானம். நம் ஹாய்லெட், ஃபார்மிகா இருவரும் ஆளுக்கொரு பெனால்டியைத் தவறவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் எவர்ட்டனுக்கு ஒரு பெனால்டி, அர்டேடா அடித்தார். 0-1. ஒரு புள்ளி போயிற்று.

அக்டோபர் இறுதி, நார்விச். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது 3-1 என்று முன்னிலை. கூடுதல் நேரப் பெனால்டியில் 3-3. இரண்டு புள்ளிகள்.

டிசம்பர் 11, சண்டர்லேண்ட். 84ஆம் நிமிடம் வரை 1-0 என்று முன்னிலை. பிறகு சமநிலை, பிறகு கூடுதல் நேரத்தில் லார்சனின் ஃபிரீ கிக். 1-2. மூன்று புள்ளிகளும் போயின.

அதற்கு அடுத்த ஆட்டம், வெஸ்ட் பிராம், சொந்த மைதானம். 89ஆம் நிமிடத்தில் ஓடெம்விங்கி. 1-2. ஒரு புள்ளி.

ஏப்ரல் 10, லிவர்பூல், சொந்த மைதானம். 2-2 என்றிருந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் ஆண்டி கேரல் தலையால் முடித்தார். ஒரு புள்ளி.

மே 7, விகன். அதைத்தான் நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு புள்ளி.

மொத்தம் ஒன்பது. 31உடன் கூட்டினால் 40. நியாயமாக மறுபக்கத்தையும் எழுதுகிறேன்: நவம்பரில் விகன் மைதானத்தில் 98ஆம் நிமிடத்தில் நம் முன்கள வீரர் யாகுபு அடித்த பெனால்டியால் 3-3 ஆனது, அதில் ஒரு புள்ளி வரவு. அதைக் கழித்தாலும் 39. இந்த அணி இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்புக்குப் போக வேண்டிய அணியே அல்ல. கடைசி ஐந்து நிமிடம் நின்று ஆடத் தெரியாத அணி, அவ்வளவுதான்.

ஆறாம்வரிசை எழுதியது:

அந்த நவம்பர் விகன் ஆட்டத்தில்தானே நம் பெடர்சன் கார்னர் பந்தைத் தானே தட்டி, தானே உருட்டிக்கொண்டு போய்க் குறுக்கே அனுப்ப, ஹாய்லெட் கோலாக்கினார்? கார்னர் எடுப்பவர் வேறொருவர் தொடுவதற்கு முன் மறுபடி தொடக்கூடாது என்பது சிறுவர்களுக்கும் தெரிந்த விதி. நடுவர் கவனிக்கவில்லை. விகன் ரசிகர்களிடம் கேட்டால் அவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள்.

நீலவெள்ளை எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களே, அருமையான கணக்கு. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஓர் அணியைப் பிடித்து நிறுத்துவது யார்? அனுபவசாலிகள். பந்தை எப்போது வெளியே அடிக்க வேண்டும், இளைஞனை எப்போது அதட்ட வேண்டும், நடுவரிடம் எப்போது பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள். அந்த வீரர்களின் பட்டியலைப் பாருங்கள்.

பிரெட் எமர்ட்டன் 2011 ஆகஸ்டில் சிட்னிக்குப் போனார். அணித்தலைவராக இருந்த ரையன் நெல்சன் 2012 ஜனவரியில் டாட்டன்ஹாமுக்குப் போனார். ஜேசன் ராபர்ட்ஸ் அதே மாதத்தில் ரெடிங்குக்கு. கடைசியில் கிறிஸ்டோபர் சாம்பா. அவரை விற்ற விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. வீரர்களை வாங்கி விற்கும் ஜனவரி சந்தை முழுக்க அவர் விலக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார், விற்க மாட்டோம் என்றார்கள். இங்கிலாந்தில் வீரர்களை வாங்கும் காலம் முடிந்தது. ரஷ்யாவில் இன்னும் முடியவில்லை. பிப்ரவரி கடைசியில் அன்ஷி மகச்கலாவுக்கு விற்றுவிட்டார்கள். தடுப்பாட்டத்தின் தூணை, மாற்று ஆளை வாங்கவே முடியாத நேரத்தில் விற்றார்கள். பணம் வந்தது. அந்தப் பணத்தைக் களத்தில் இறக்க முடியாது.

அதற்கு முன்பே, சாம்பா ஆடாத பிப்ரவரி 4 அன்று, ஆர்சனல் மைதானத்தில் 7-1 என்று தோற்றாயிற்று. ஸ்காட் டான் நல்ல வீரர், ஹான்லி இளைஞர். ஆனால் நெல்சனும் சாம்பாவும் சேர்ந்து நின்ற வரிசை அது அல்ல.

வலதுபுறம் எழுதியது:

ஹான்லியின் பெயரைச் சொன்னதால் நினைவூட்டுகிறேன். 2011 டிசம்பர் 31, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். யுனைடெட் மேலாளர் ஃபெர்குசனின் 70ஆவது பிறந்தநாள். பட்டியலின் அடியில் கிடந்த பிளாக்பர்ன் 3-2 என்று வென்றது. யாகுபு இரண்டு, 80ஆம் நிமிடத்தில் ஹான்லி ஒன்று. அன்று ஹான்லிக்கு வயது 20. பருவத்தின் முடிவில் யுனைடெட் பட்டத்தை கோல் வித்தியாசத்தில்தான் மான்செஸ்டர் சிட்டியிடம் இழந்தது. அந்த மூன்று புள்ளிகளின் விலை என்னவென்று யுனைடெட் ரசிகர்களுக்குத் தெரியும்.

ஓர் அணிக்கு அனுபவமும் தலைமையும் முழுவதுமாக இல்லையென்றால் அந்த ஆட்டம் நடந்திருக்காது. யாகுபு அந்தப் பருவத்தில் லீக்கில் 17 கோல் அடித்தார். ஹாய்லெட் எந்தத் தடுப்பாட்டக்காரரையும் கலங்கவைத்தார். என்சோன்சி பிறகு எந்த உயரத்துக்குப் போனார் என்று எல்லோருக்கும் தெரியும், உலகக் கோப்பையே வென்றார். இத்தனை திறமையைக் கையில் வைத்துக்கொண்டு 78 கோல் வாங்கினார்கள் என்றால் களத்தில் நின்றவர்களும் பதில் சொல்ல வேண்டும். உரிமையாளர்களை மட்டும் திட்டினால் வீரர்கள் நிழலில் ஒதுங்கிக்கொள்வார்கள்.

ஆறாம்வரிசை எழுதியது:

நான் அந்தப் பருவத்தில் பிரஸ்டனில் படித்துக்கொண்டிருந்தேன், பிளாக்பர்னுக்கு ரயிலில் சிறிது நேரம்தான். அந்த நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது.

பிளாக்பர்ன் பழைய பஞ்சாலை நகரம். ஆலைகள் மூடி நீண்ட காலமாகிவிட்டது. ஜேக் வாக்கர் அந்த ஊர்க்காரர், எஃகு வணிகத்தில் பணம் சேர்த்தவர். 1991இல் அணியின் பொறுப்பை முழுமையாக எடுத்துக்கொண்டு, கென்னி டால்கிளிஷை மேலாளராக அழைத்துவந்து, ஆலன் ஷியரரை வாங்கி, மூன்று பக்க அரங்குகளைப் புதிதாகக் கட்டி, 1995இல் பிரீமியர் லீக் பட்டத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தார். கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும், அதே நேரத்தில் யுனைடெட் வெஸ்ட் ஹாமை வெல்ல முடியாததால் கிடைத்த பட்டம். அந்த ஊர்ப் பெரியவர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊருக்கு, உரிமையாளர் என்பவர் யார் என்ற எண்ணம் ஒன்று இருந்தது. அவர் ஊரில் இருப்பார், ஆட்டத்துக்கு வருவார், தோற்றால் அவரும் வருந்துவார். இந்த எண்ணத்தோடு இருந்தவர்களுக்குப் புனேயிலிருந்து ஓர் அறிக்கைகூட ஒழுங்காக வரவில்லை. வீரர்கள் உடைமாற்றும் அறையில் கோழி தின்னும் விளம்பரம்தான் வந்தது. 2011 அக்டோபரில், லீக் நடந்துகொண்டிருக்கும்போதே, அணியை இந்தியாவுக்கு அழைத்துச் சென்று புனே அணியோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடவைத்தார்கள். அந்தப் பருவத்தின் சட்டையில் பணம் கொடுக்கும் விளம்பரதாரர் பெயரே இல்லை, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் இருந்தது. தொண்டு நல்லதுதான். ஆனால் பிரீமியர் லீக் அணியின் சட்டையில் பணம் கொடுத்து விளம்பரம் செய்ய ஆளில்லை என்பதை ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள்.

வலதுபுறம் அவர்கள் கேட்ட அமைதியைப் பற்றி ஒன்று. டிசம்பர் 20 அன்று போல்ட்டனிடம் 1-2 என்று தோற்றபோது அரங்கில் எழுந்த ஒலி வெறும் கோபம் அல்ல. போல்ட்டன் பக்கத்து ஊர். அந்த ஆட்டத்துக்கு முன் அவர்கள்தான் கடைசி இடம். ஆட்டம் முடிந்தபோது நாங்கள் கடைசி இடம். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள். என் அருகில் நின்ற முதியவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கீனைத் தனிப்பட்ட முறையில் இழிவாகப் பேசியவர்கள் தவறு செய்தார்கள், அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த ஊரின் எதிர்ப்பு முழுவதையும் அந்த இழிபேச்சாகவே பார்ப்பது அநியாயம். உரிமையாளர்களை எட்டும் வேறு எந்த வழியும் அவர்களுக்கு இல்லை.

நீலவெள்ளை எழுதியது:

வழி இருந்தவர்களுக்கும் என்ன நடந்தது என்று சொல்கிறேன். துணைத் தலைமை நிர்வாகி பால் ஹண்ட், போல்ட்டன் தோல்விக்கு அடுத்த நாள் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். மேலாளரை மாற்ற வேண்டும், அணியின் நிதிநிலை ஆபத்தில் இருக்கிறது, ரசிகர்கள் நம்மை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். பாதிப் பருவம் மிச்சமிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அணி இறங்கிய பிறகு 2012 மே மாதத்தில் அந்தக் கடிதம் வெளியே கசிந்தது. உடனே ஹண்ட் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கீன் பதவியில் தொடர்ந்தார்.

இதற்குமேல் எனக்கு வேறு சான்று தேவையில்லை. அணி இறங்கிய அதே மாதத்தில் உண்மை சொன்னவர் வெளியே, இறக்கிய மேலாளர் உள்ளே.

பினாங்குக் கடற்கரை எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தக் கதை இறக்கத்துக்குப் பிறகுதான் நெருக்கமானது. 2012 கோடையில் வெங்கீஸ் உலகளாவிய ஆலோசகர் என்ற பதவியை உருவாக்கி ஷெபி சிங்கை நியமித்தார்கள். மலேசியத் தேசிய அணியின் முன்னாள் தடுப்பாட்டக்காரர், தொலைக்காட்சியில் பிரீமியர் லீக் ஆட்டங்களை அலசி எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் அறிமுகமானவர். 2022இல் காலமானார். கால்பந்தை உயிராக நேசித்த மனிதர், அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் தொலைக்காட்சி அரங்கிலிருந்து ஒருவரை நேரடியாக ஓர் ஆங்கில அணியின் முடிவுகளுக்குள் கொண்டுவந்து வைத்தது அவருக்கும் நல்லது செய்யவில்லை, அணிக்கும் செய்யவில்லை. செப்டம்பர் இறுதியில் கீன் விலகினார். பிறகு ஹென்னிங் பெர்க் 57 நாள். அவருக்குப் பின் மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். 1995இல் பட்டம் வென்ற அணியில் தடுப்பாட்டக்காரராக நின்றவர் பெர்க். அந்த அணியின் வரலாற்றைச் சுமந்த ஒருவருக்கே இரண்டு மாதம்கூடக் கொடுக்கவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் மறுபடி களத்துக்கு வருகிறேன். மார்ச் மாதத்தை யாரும் தொடவில்லை. மார்ச் 10 அன்று வோல்வ்ஸ் மைதானத்தில் 2-0, ஹாய்லெட் இரண்டு. மார்ச் 20 அன்று சண்டர்லேண்டுக்கு எதிராக 2-0. கோல் எதுவும் வாங்காமல் அடுத்தடுத்து இரண்டு வெற்றி. அணி இறக்க எல்லையிலிருந்து மேலே வந்துவிட்டது. சாம்பா போன பிறகு நடந்தது இது என்பதை நீலவெள்ளை அவர்கள் கவனிக்க வேண்டும்.

அதன்பின் போல்ட்டனிடம் 1-2, யுனைடெட்டிடம் 0-2, வெஸ்ட் பிராமிடம் 0-3, லிவர்பூலிடம் 2-3, ஸ்வான்சியிடம் 0-3. மூன்று வாரத்தில் ஐந்து தோல்வி. யுனைடெட் ஆட்டத்தில் 81ஆம் நிமிடம் வரை கோல் விழவில்லை. நார்விச்சை 2-0 என்று வென்றபோது காலம் கடந்துவிட்டது. அதே வாரங்களில் விகன் யுனைடெட்டையும் ஆர்சனலையும் நியூகாசிலையும் வென்றது. ஒரே பள்ளத்தில் கிடந்த இரண்டு அணிகள், ஒன்று ஏறிப் போனது. விகன் மேலாளர் ராபர்ட்டோ மார்ட்டினஸ் தன் தடுப்பு வரிசையை மூவராக மாற்றி அமைத்தார், பலன் கிடைத்தது. கீன் எதை மாற்றினார்? ஜனவரியில் கடனாகக் கொண்டுவந்த முன்கள வீரர் மோடெஸ்ட் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. யாகுபு மட்டுமே சுமந்தார்.

நீலவெள்ளை எழுதியது:

மார்ச் வெற்றிகளை மறுக்கவில்லை. இரண்டு வெற்றியில் அணி தேறிவிட்டது என்று நினைப்பதற்கும் அடுத்த ஐந்து தோல்விகளைத் தாங்குவதற்கும் இடையில் ஓர் ஆள் பலம் தேவை. ஓர் அணியில் இரண்டு பேர் காயமடைந்தால் மூன்றாவது ஆள் யார் என்ற கேள்விக்கு ஏப்ரலில் பிளாக்பர்னிடம் விடை இல்லை. விகனின் உரிமையாளர் டேவ் வீலன் அந்த ஊர்க்காரர், மோசமான மாதங்களில் மார்ட்டினஸை விட்டுக்கொடுக்காமல் நின்றவர், மார்ட்டினஸ் யார் என்று வீரராக இருந்த காலத்திலிருந்தே அறிந்தவர். நீங்கள் விகனை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்கு நன்றி.

ஆறாம்வரிசை எழுதியது:

வெங்கீஸ் இன்றும் உரிமையாளர்கள்தான். அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை, ஆண்டுதோறும் நட்டத்தை ஈடுகட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பணம் இல்லாமல் அணி சாகவில்லை. எந்தப் பணத்தை எப்போது யாரை நம்பிச் செலவழிப்பது என்று தெரியாமல் விழுந்தது, 2017இல் மறுபடி ஒரு படி விழுந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஓர் அணி மூன்றாம் நிலைக்கு இறங்கியது அதுவே முதல்முறை. அன்றைய கடைசி ஆட்டத்தில் பிரண்ட்ஃபர்டை 3-1 என்று வென்றும், 51 புள்ளிகள் எடுத்தும், கோல் வித்தியாசத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே மேலாளர் டோனி மௌபிரே மீட்டுக்கொண்டு வந்தார், அதற்கு அவருக்கு நேரம் கொடுத்தவர்களும் இதே உரிமையாளர்கள்தான். அந்தப் பொறுமையை 2010 டிசம்பரில் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் ஆற்றாமை.

வலதுபுறம் எழுதியது:

நான் என் இடத்திலிருந்து நகரவில்லை. ஏப்ரல் 10, லிவர்பூல் ஆட்டத்தை மட்டும் முழுமையாகப் பாருங்கள். லிவர்பூலின் கோல்காப்பாளர் டோனி முதல் அரைமணி நேரத்துக்குள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகிறார். பிளாக்பர்னுக்குப் பெனால்டி. யாகுபு அடித்த பந்தை அப்போதுதான் உள்ளே வந்த பிராட் ஜோன்ஸ் தடுத்துவிடுகிறார். பிறகு யாகுபுவே இரண்டு கோல் அடித்து 2-2 என்று கொண்டுவருகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிரணியில் பத்துப் பேர், சொந்த மைதானம், வாழ்வா சாவா என்ற ஆட்டம். கூடுதல் நேரத்தில் எதிரணியின் மிக உயரமான வீரரைத் தனியாக விட்டு 2-3 என்று தோற்றார்கள். புனேயில் யார் என்ன முடிவு எடுத்திருந்தாலும், கேரலைத் தொடர்ந்து ஓட வேண்டியவர் அந்தக் களத்தில்தான் இருந்தார்.

நீலவெள்ளை எழுதியது:

ஒரு வருடம் முன்பு வரை அந்த இடத்தில் நின்றவர்கள் நெல்சனும் சாம்பாவும். அவர்களைப் போகவிட்டவர்களின் பெயரைத்தான் இந்த இழையின் தலைப்பில் கேட்டேன்.